சிறார் கொழுப்புக் கல்லீரல் நோய்

மதுவோடு தொடர்பின்றி, சிறுவர்களின் கல்லீரலில் கொழுப்பு மிகுதியாகச் சேரும் நோய். கல்லீரல் உயிரணுக்களில் 5 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்பேறியிருந்தால் நோய் எனக் கொள்வர். பருமனான சிறாரிடம் இது அழற்சியாக முற்றுவதை 1983-இல் அமெரிக்க மருத்துவர்கள் விவரித்தனர். பெரும்பாலும் அறிகுறியே இராது. வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில் தெரியவரும். பிடரியில் படரும் கருமை, இந்நோயோடு சேர்ந்துவரும் இன்சுலின் எதிர்ப்பின் தடயம். அதை அழுக்கென்று தேய்த்துக் குளிப்பாட்டுவோரும் உண்டு. இனிப்புப் பானங்களிலுள்ள ஃபிரக்டோஸைக் கல்லீரல் எளிதில் கொழுப்பாக்கிவிடும். பி.என்.பி.எல்.ஏ.3 என்னும் மரபணுவின் ஒரு வகை இடரைக் கூட்டுகிறது. ஒல்லியான குழந்தைக்கும் வரலாம். அப்போது, செம்பு தேங்கும் வில்சன் நோய் இல்லையென உறுதிசெய்வது கட்டாயம். பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்டால் சிலருக்குக் கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும். உணவு மாற்றமும் ஓடியாடி விளையாடுவதுமே முதன்மைச் சிகிச்சை.