காலுறைக்கும் ஷூவுக்கும் நடுவில்

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகள் பலர் நுனிக்காலில் நடப்பார்கள். கெண்டைக்கால் தசை இறுகிக் குதிகாலை மேலே இழுத்துக்கொள்ளும். அதைத் தரைக்குக் கொண்டுவரக் காலுறைக்கும் ஷூவுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஓடு மாட்டுகிறார்கள். மருத்துவர்களுக்கு அது ஏ.எஃப்.ஓ., வீட்டில் ஸ்பிளிண்ட்.

முன்பு இந்த வேலையைச் செய்தது இரும்புக் கம்பியும் தோல்பட்டையும் கொண்ட கேலிப்பர். இத்தாலிய வேதியியலாளர் ஜூலியோ நட்டாவின் ஆய்வுக்கூடத்தில் 1954இல் உருப்பெற்ற பாலிபுரொப்பிலின் பிளாஸ்டிக், பின்னாளில் அந்தக் கனத்தைக் குழந்தையின் காலிலிருந்து இறக்கியது.

ஸ்பிளிண்டின் பயணம் மாவுக்கட்டில் தொடங்குகிறது. கணுக்கால் எலும்பு துருத்தும் இடத்தை அழியாத பென்சிலால் குறித்து, பாதத்தைச் செங்கோணத்தில் பிடித்தபடி கட்டுப் போடுவார்கள். பென்சில் குறி கட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும். கட்டைக் கழற்றி உள்ளே மாவைக் கரைத்து ஊற்றினால், குறியோடு சேர்ந்து குழந்தையின் கால் அச்சாக வெளிவரும். எலும்பு உறுத்தாதிருக்க அந்தக் குறி மீது கொஞ்சம் மாவு பூசி மேடாக்குவார்கள். அடுப்பில் பால்வெள்ளைப் பாலிபுரொப்பிலின் தகடு கண்ணாடியாகத் தெளிந்ததும் எடுத்து, ஈரத்துணியைப் போல அச்சின்மேல் போர்த்தி, காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். ஆறியபின் அறுத்து, விளிம்பைத் தேய்த்து, வெல்க்ரோ பட்டை பொருத்தினால் ஸ்பிளிண்ட் தயார்.

அதன் பிறகுதான் உண்மையான வேலை. ஸ்பிளிண்ட் பாதத்தைப் பிடித்துக்கொள்ளும், நடக்கக் கற்றுத்தராது. முக்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது, இணைகம்பியைப் பிடித்து அடியெடுப்பது, படியேறுவது என்று பிசியோதெரபிஸ்ட் தரும் பயிற்சி தினமும் நடக்க வேண்டும். பள்ளிக்கூட வாசல்வரை நடப்பது போல, குழந்தைக்கே வேண்டிய ஓர் இலக்கு இருந்தால் பயிற்சி பலிக்கும்.

ஆனால் எத்தனையோ ஸ்பிளிண்டுகளின் பயணம் பரண்மேல் முடிந்துவிடுகிறது. உறுத்தியிருக்கும், குழந்தை அழுதிருக்கும், யாரிடம் காட்டுவதென்று தெரிந்திருக்காது. கழற்றி அரைமணி நேரமாகியும் தோலின் சிவப்பு மறையவில்லை என்றால் தவறு குழந்தையிடம் இல்லை. செய்தவரிடமே கொண்டுபோனால், அந்த இடத்தைச் சூடாக்கி விரித்துத் தருவார். கால் வளர வளர, ஏறக்குறைய ஆண்டுக்கொரு முறை புதிதாக அளவெடுக்கவும் வேண்டும்.

ஆகவே, ஸ்பிளிண்டைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதோடு எந்த முகாமும் கடமை முடிந்ததென்று எண்ணக்கூடாது. அடுத்த அளவெடுப்புக்கான தேதியையும் அன்றே குறித்துக் கொடுக்க வேண்டும்.