பள்ளிக்கூடப் பல் தாதியர்

பல் போனால் சொல் போச்சு என்பது நம்மவர் பழமொழி. பல் வைத்தியம் என்றதும் பல் மருத்துவரே நம் நினைவுக்கு வருகிறார். அவருக்குத் துணையாகவும், அவர் இல்லாத இடங்களில் அவருக்குப் பதிலாகவும் உழைத்த பணியாளர்களை வரலாறு அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. பொது மக்களுக்காக அரசாங்கம் நடத்தும் மருத்துவத்தில் அத்தகையோர் எப்படித் தோன்றினர், அவர்கள் யார் என்பதை ஒரு சிறிய நாட்டின் கதையைக் கொண்டு உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அந்த நாடு நியூசிலாந்து.

முதல் உலகப் போரின்போது அந்நாட்டுப் படையில் சேர வந்த இளைஞர் பலரின் பற்கள் மிகவும் கெட்டுப்போயிருந்தன. படையின் பல் மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய தாமஸ் ஆண்டர்சன் ஹன்டர் இதை நேரில் கண்டவர். வளர்ந்தபின் பல்லைப் பிடுங்குவதைவிடக் குழந்தைப் பருவத்திலேயே சொத்தையை அடைத்துக் காப்பது மேல் என்று அவர் கருதினார். ஆனால் அத்தனை குழந்தைகளையும் கவனிக்கப் பல் மருத்துவர்கள் போதவில்லை.

இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1913-இல், அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற மருத்துவர் பெண்களுக்குப் பல் துப்புரவுப் பயிற்சி அளித்திருந்தார். அப்பெண்கள் பள்ளிகளில் குழந்தைகளின் பல்லைத் துலக்கிச் சுத்தம் செய்தனர். ஆனால் பல்லைத் துளைக்கவோ அடைக்கவோ அவர்களுக்கு உரிமை இல்லை. ஹன்டர் ஒரு படி மேலே சென்றார். பயிற்சி பெற்ற தாதியே சொத்தையை அடைக்கலாம், பால்பல்லைப் பிடுங்கலாம், சிக்கலானவற்றை மட்டும் மருத்துவரிடம் அனுப்பலாம் என்றார்.

பல் மருத்துவர்களுக்கு இது உவப்பாக இருக்குமா? தங்கள் தொழிலுக்குப் போட்டி வந்துவிடுமே என்ற அச்சம் அவர்களுக்கு எழுந்தது. 1920-இல் கூடிய பல் மருத்துவர் சங்கக் கூட்டத்தில் திட்டத்திற்கு ஆதரவாகப் பதினாறு வாக்குகளும் எதிராக ஏழு வாக்குகளும் விழுந்தன. அந்த அச்சத்தைத் தணிக்கும் வகையில் திட்டத்தைச் சுற்றி மூன்று வேலிகள் இருந்தன: தாதியர் பெண்களாகவே இருப்பர், அரசாங்கத்திடம் மட்டுமே வேலை செய்வர், குழந்தைகளுக்கு மட்டுமே சிகிச்சை அளிப்பர்.

1921-இல் வெலிங்டன் நகரில் பயிற்சி தொடங்கியது. பயிற்சிக் காலம் இரண்டு ஆண்டுகள். பயிற்சி முடிந்ததும் அந்த இளம்பெண்கள் நாட்டின் மூலை முடுக்குகளில் உள்ள பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர். பள்ளி வளாகத்திலேயே ஒரு சிறு சிகிச்சை அறை. அதில் காலால் மிதித்து ஓட்டும் துளைகருவி. ஏறத்தாழ ஐந்நூறு குழந்தைகளுக்கு ஒரு தாதி. ஆறு மாதத்திற்கு ஒரு முறை ஒவ்வொரு குழந்தையின் வாயையும் அவள் பார்க்க வேண்டும். குழந்தைகள் அந்த அறைக்குக் 'கொலை வீடு' என்று பெயர் வைத்தார்கள். ஆயினும் தாதி அவர்கள் பல்லைக் காத்தாள்.

இத்திட்டம் உலகத்தின் கவனத்தை ஈர்த்தது. 1949-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் இதுபோன்ற ஒரு சோதனைக்குச் சட்டம் இயற்றியது. பல் மருத்துவர்களின் எதிர்ப்பினால் 1950-இலேயே அதை நீக்கிவிட்டது. மறுபுறம், உலக சுகாதார நிறுவனத்திற்காக நியூசிலாந்து சென்று ஆராய்ந்த ஜான் ஃபுல்டன் 1951-இல் வெளியிட்ட அறிக்கை தாதியரின் வேலைக்கு நற்சான்று அளித்தது. நமக்கு அண்மையிலும் இதன் கிளைகள் படர்ந்தன. 1949-இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தோன்றியது. இலங்கையில் மகரகமையிலும் நியூசிலாந்தின் உதவியோடு அத்தகைய பள்ளி ஏற்பட்டது.

மாணவ நண்பர்களே, இங்கே நான் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். இவ்வளவு நன்மை செய்த திட்டத்தின் செலவை யார் சுமந்தார்கள்? உயர்நிலைப் பள்ளியை விட்டு வந்த இளம்பெண்களே பெரும்பாலும் இந்த வேலைக்கு வந்தனர். திருமணம் ஆனதும் பலர் விலகினர். அவர்கள் இடத்திற்குப் புதியவர்கள் வந்தனர். ஊதியம் குறைவு. வேலியைத் தாண்டி வேறிடத்தில் தொழில் நடத்தும் உரிமையும் இல்லை. மருத்துவருக்குப் போட்டியாகாதபடி அவர்களைக் கட்டிய அதே விதிகள், பேரம் பேசும் வலிமையையும் அவர்களிடமிருந்து பறித்தன. திட்டம் சிக்கனமாக நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பதே என் கருத்து.

அந்த மௌனம் என்றும் நீடிக்கவில்லை. 1974-இல் தாதியர் ஊதிய உயர்வு கேட்டு வெலிங்டனில் நாடாளுமன்றத்தை நோக்கி ஊர்வலம் சென்றனர். குழந்தைகளிடம் மென்மையாகப் பேசிப் பழகிய குரல் அன்று அரசாங்கத்தின் காதில் உரக்க விழுந்தது. பின்னர் வேலிகளும் ஒவ்வொன்றாகச் சரிந்தன. ஆண்களும் இத்தொழிலுக்கு வந்தனர். தாதி என்ற பெயர் போய்ப் பல் சிகிச்சையாளர் என்ற பெயர் வந்தது. 1999-இல் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் இதற்கான படிப்பு தொடங்கியது. 2003-இல் இயற்றப்பட்ட சட்டம் அவர்களைப் பதிவுபெற்ற மருத்துவத் தொழிலினராக ஏற்று, தனியாரிடத்திலும் பணியாற்ற வழி திறந்தது.

பொதுநலத் திட்டம் ஒன்றின் வரலாற்றைப் படிக்கும்போது, எத்தனை குழந்தைகள் பயன் பெற்றார்கள் என்று நாம் எண்ணுகிறோம், அது சரியே. கூடவே, அப்பணியைச் செய்தவர் யார், அவருடைய வயது என்ன, எவ்வளவு ஊதியம் பெற்றார், எத்தனை ஆண்டு நிலைத்தார், மேலே செல்ல அவருக்கு வழி இருந்ததா என்றும் கேளுங்கள். இக்கேள்விகளுக்கு விடை கண்டால்தான் அத்திட்டத்தின் முழு வரலாறும் உங்கள் கைக்கு வரும்.