27 இருக்கைகளின் கணக்கு: அமெரிக்க நகரங்களின் சிற்றுந்துகளும் ஸ்னெல் அறிக்கையும்

அமெரிக்க நகரங்களில் டிராம் ஒழிந்து பேருந்து வந்த வரலாற்றை எழுதும் எவரும் பிராட்ஃபோர்ட் ஸ்னெலைத் தொடாமல் போக முடிவதில்லை. 1974இல் செனட்டின் ஏகபோக எதிர்ப்புத் துணைக்குழு முன் அவர் வைத்த அறிக்கையின் சாரம் இது: ஓடிக்கொண்டிருந்த மின்சார டிராம்களை ஜெனரல் மோட்டார்ஸ் திட்டமிட்டு வாங்கி அழித்தது, அங்கெல்லாம் தன் டீசல் பேருந்துகளைப் புகுத்தியது, அவற்றை வெறுத்த மக்கள் கார் வாங்கினார்கள். 45 நகரங்கள், நூற்றுக்கும் மேற்பட்ட மின்சார டிராம் அமைப்புகள் என்று அவர் எண்ணிக்கையும் தந்தார். ஜார்ஜ் ஹில்டனும், 1997இல் கிளிஃப் ஸ்லேட்டரும் மறுத்து எழுதினார்கள். ஆனால் அந்த விவாதம் முழுவதும் யார் வாங்கினார்கள், யார் விற்றார்கள் என்பதைச் சுற்றியே நடந்தது. வாங்கிய வண்டி எது, அதில் எத்தனை இருக்கை, அது எந்த எரிபொருளில் ஓடியது என்று கேட்டவர்கள் குறைவு. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. கைக்கடக்கமான சிறு பேருந்துகளை நடுவில் வைத்துப் பார்த்தால் ஸ்னெலின் சித்திரத்தில் பெரிய விரிசல் தெரிகிறது.

ஸ்னெலுக்கு உரியதை முதலில் அவருக்குக் கொடுத்துவிட வேண்டும். 1932இல் ஜெனரல் மோட்டார்ஸ் தொடங்கிய துணை நிறுவனம் மிச்சிகனின் கலமசூ, சாகினா, ஒகையோவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆகிய ஊர்களின் டிராம் அமைப்புகளை வாங்கிப் பேருந்துக்கு மாற்றியது உண்மை. அந்த வேலையைப் பின்னர் நேஷனல் சிட்டி லைன்ஸ் என்ற நிறுவனம் பெரிய அளவில் செய்தது. அதில் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபயர்ஸ்டோன், கலிபோர்னியா ஸ்டாண்டர்டு ஆயில், பிலிப்ஸ், மேக் ஆகியவற்றின் பணம் இருந்ததும் நீதிமன்றத்திலேயே வெளிவந்தது. ஆனால் இந்த நிறுவனங்கள் மீதான வழக்கில் 1949இல் வந்த தீர்ப்பை ஸ்னெல் படித்த விதம் ஏற்கத்தக்கதல்ல. வழக்கில் குற்றச்சாட்டுகள் இரண்டு. போக்குவரத்து நிறுவனங்களைக் கைப்பற்றி ஏகபோகம் அமைக்கச் சதி செய்தார்கள் என்ற முதல் குற்றச்சாட்டிலிருந்து எதிரிகள் விடுவிக்கப்பட்டார்கள். அந்த நிறுவனங்களுக்குப் பேருந்தும் டயரும் எரிபொருளும் விற்பதில் ஏகபோகம் தேடினார்கள் என்ற இரண்டாவதில்தான் தண்டனை: நிறுவனங்களுக்குத் தலா 5,000 டாலர், அதிகாரிகளுக்கு ஒரு டாலர். மின்சார டிராமை ஒழிக்கச் சதி செய்ததற்காகவே தண்டிக்கப்பட்டார்கள் என்பதுபோல் ஸ்னெல் எழுதிவிட்டார். 1988இல் வந்த ஒரு கார்ட்டூன் கலந்த திரைப்படமும் ஏறக்குறைய இதே கதையைச் சொன்ன பிறகு, தீர்ப்பைத் திரும்ப எடுத்துப் படிக்கும் பொறுமை பலருக்கு இல்லாமல் போயிற்று.

அந்த வழக்கில் குற்றம் சாட்டப்படாத ஃபோர்டு நிறுவனத்தை இப்போது பார்க்கலாம். 1936இல் முன்புற எஞ்சினோடு 25 இருக்கை நகரப் பேருந்து ஒன்றை ஃபோர்டு வெளியிட்டது. அடுத்து வந்த 09-பி வகையில் எஞ்சின் பின்பக்கம் போய், வண்டியின் குறுக்காகப் படுத்தது, இருக்கைகள் 27. எஞ்சின் புதிதாக வடிக்கப்பட்டதன்று. 1932 முதல் ஃபோர்டு கார்களில் ஓடிய வி-8 பெட்ரோல் எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தது. கூடு இண்டியானாவின் யூனியன் சிட்டியில் கட்டப்பட்டது. அந்த எஞ்சின் ஒரு பேருந்தை நாள் முழுதும் இழுக்கப் பிறந்ததல்ல, சீக்கிரம் தேய்ந்தது. ஆனால் தேய்ந்ததைக் கழற்றி வேறொன்றை மாட்ட அதிக நேரமோ பணமோ ஆகவில்லை. உதிரிபாகம் எந்த ஊர் ஃபோர்டு கடையிலும் கிடைத்தது. இந்த வண்டியை மிகப் பெரிய எண்ணிக்கையில் வாங்கியது டெட்ராய்ட் நகரம். அங்கே 1922 முதல் போக்குவரத்து மாநகராட்சியின் கையில் இருந்தது. நேஷனல் சிட்டி லைன்ஸ் அங்கே கால் வைக்கவே இல்லை. ஜெனரல் மோட்டார்ஸின் தலைமையகம் இருந்த ஊரில், அதன் போட்டியாளரின் பெட்ரோல் சிற்றுந்தை, பங்குதாரர் என்று யாருமே இல்லாத ஒரு பொதுத்துறை நூற்றுக்கணக்கில் வாங்கியது. அதே டெட்ராய்ட் 1956 ஏப்ரல் வரை டிராமும் ஓட்டியது. கடைசி டிராம்களை மெக்சிகோ நகரத்துக்கு விற்றது. சதிக்கோட்பாட்டில் இந்த ஊரை எங்கே வைப்பது? ஸ்னெலின் அறிக்கையில் இதற்கு இடமில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஃபோர்டும் கார் கம்பெனிதானே, கார் முதலாளிகள் சேர்ந்து டிராமைக் கொன்றார்கள் என்று ஸ்னெலின் வாதத்தை விரித்துவிட்டால் போயிற்று அல்லவா? போகாது. ஒகையோவின் கென்ட் நகரில் ஃபேஜியல் சகோதரர்கள் 1927இல் தொடங்கிய ட்வின் கோச் என்பது கார் செய்யும் கம்பெனியல்ல. முதல் மாதிரியில் இரண்டு எஞ்சின் இருந்ததால் வந்த பெயர் அது. 1930களில் விற்ற சிறு வண்டிகளில் பின்புறம் ஒற்றை எஞ்சின்தான், பெயர் மட்டும் இரட்டையாகவே நின்றது. கிளீவ்லாந்தின் ஒயிட் அப்போது லாரியும் பேருந்தும் செய்த நிறுவனம். எல்லாவற்றுக்கும் மேலாக பிலடெல்பியாவின் பிரில் இருக்கிறது. அமெரிக்காவின் தலைசிறந்த டிராம் கட்டுநர்களான பிரில் 1941இல் டிராம் கட்டுவதை நிறுத்தினார்கள், 1944இல் ஏ.சி.எஃப்-பிரில் என்று பெயர் மாறி, போருக்குப் பின் சி-27, சி-31 என்று சிறு பேருந்துகளையும் விற்றார்கள். டிராம் ஒழிந்தால் முதலில் நட்டப்பட வேண்டியவர்களே பேருந்து விற்கப் போனதைச் சதியால் விளக்க முடியாது. வாங்குபவர்கள் வேறொன்றைக் கேட்டார்கள் என்றுதான் அதற்குப் பொருள் சொல்ல வேண்டும்.

அந்த வேறொன்று என்ன என்பதை ஜெனரல் மோட்டார்ஸின் சொந்தப் பெயர்ப்பலகையே சொல்கிறது. டி.ஜி.எச்-3102 என்ற மாதிரி எண்ணைக் கல்வெட்டு வாசிப்பதுபோல் எழுத்தெழுத்தாக வாசிக்க வேண்டும். முதல் எழுத்து நகரப் பேருந்து என்பதைக் குறிக்கும். அடுத்த எழுத்து எரிபொருள்: டீசலானால் டி, பெட்ரோலானால் ஜி. மூன்றாவது எழுத்து, கியர் மாற்றத் தேவையில்லாத ஹைட்ராலிக் இயக்கத்தைச் சொல்கிறது. அதன்பின் வரும் 31 இருக்கை எண்ணிக்கை. 02 அந்த அளவு வண்டியின் வரிசை எண். பக்கத்திலேயே அதே கம்பெனியின் டி.டி.எச்-5105ஐ வைத்துப் பாருங்கள்: டீசல், 51 இருக்கை. நிறுவனம் ஒன்று, பணிமனை ஒன்றாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் வேறுபாடு ஓர் எழுத்திலும் இருக்கைக் கணக்கிலும் இருக்கிறது. டீசல் பேருந்துச் சந்தையைக் கையில் வைத்திருந்த கம்பெனி 1950களிலும் தன் மிகச் சிறிய வண்டிக்குப் பெட்ரோலைக் கைவிடவில்லை. கூடுதல் விலை கொடுத்து வாங்கும் டீசல் எஞ்சின், நாளெல்லாம் நெரிசலில் ஓடும் தடத்தில்தான் அந்த விலையை எரிபொருளில் மீட்டுத் தரும். சிற்றூரின் மெல்லிய தடத்தில் மீட்டுத் தராது. வாங்குபவரின் வரவுசெலவுக்கு விற்பவர் வளைந்து கொடுத்த அடையாளம் அந்த ஜி எழுத்து. டீசலைத் திணித்தார்கள் என்ற வாசகத்துக்கு அந்த ஓர் எழுத்தே எதிர்ச்சான்று. ஒரே ஒரு மாதிரியை வைத்து இவ்வளவு பேசலாமா என்றால், அந்த எண் ஸ்னெல் அறிக்கை குற்றம் சாட்டும் நிறுவனமே எழுதி ஒட்டியது என்பதால் பேசலாம் என்பது என் எண்ணம்.

அந்த வரவுசெலவுக் கணக்கு பேருந்தோடு பிறந்ததல்ல. 1916இல் சார்லஸ் பிர்னி வடிவமைத்த சிறு டிராமில் அது முழுமையாக இருக்கிறது: நான்கே சக்கரம், ஏறத்தாழ 28 அடி நீளம், முப்பதை ஒட்டிய இருக்கை, ஒரே ஆள். ஓட்டுநர் கைப்பிடியை விட்டால் வண்டி தானாக நிற்கும். அதனால் நடத்துநர் தேவையில்லை. மிச்சப்பட்ட சம்பளத்தில் அதிக வண்டி விடலாம், அடிக்கடி வந்தால் கூட்டமும் வரும் என்பது கணக்கு. சுமார் 6,000 வண்டிகள் செய்யப்பட்டன. 09-பியின் 27, டி.ஜி.எச்சின் 31, பிர்னியின் இருக்கைக் கணக்கு ஆகிய மூன்றும் இவ்வளவு நெருங்கி நிற்பது தற்செயல் என்று நான் கருதவில்லை. ஒருவர் ஓட்டிக்கொண்டே காசு வாங்கித் தாமதமில்லாமல் நடை முடிக்கக்கூடிய கூட்டத்தின் அளவு அது. ஃபோர்டு பொறியாளர்கள் பிர்னியைப் பார்த்துத்தான் வரைந்தார்கள் என்று இதற்குப் பொருளல்ல. வண்டிச் சட்டகத்தின் நீளமும் எஞ்சினின் வலுவும்கூட அந்த எண்ணை ஓரளவு தீர்மானித்திருக்கும். ஆனால் குறைகளும் ஒன்றாகவே இருப்பதைக் கவனிக்க வேண்டும்: இரண்டும் குலுக்கின, இரண்டும் மாலை நெரிசலில் திணறின, இரண்டையும் மெல்லிய தடங்கள் மட்டுமே தாங்கின. பிர்னிக்கும் சிற்றுந்துக்கும் இடையில் மாறியது தண்டவாளம் மட்டுமே. அது ஏன் மாறியது என்பதும் மர்மமல்ல. தண்டவாளத்தை ஒட்டிய சாலைப் பரப்பைச் செப்பனிடும் கடமை உரிமப் பத்திரங்களில் டிராம் கம்பெனியின் தலையில் இருந்தது. கட்டணம் பல ஊர்களில் ஐந்து சென்டில் உறைந்திருந்தது. 1935ஆம் ஆண்டின் மின்நிறுவனச் சட்டம் டிராமைத் தாங்கிய மின்சாரக் கம்பெனிகளை அதிலிருந்து விலகத் தூண்டியது. தேய்ந்த தண்டவாளத்தை மாற்றும் நாள் வந்தபோது கணக்கர் எந்தப் பக்கம் சாய்ந்திருப்பார் என்பதை ஊகிக்க ஜெனரல் மோட்டார்ஸ் தேவையில்லை.

சிற்றுந்தைக் கொன்றதும் அதே சம்பளக் கணக்குதான். 27 பேருக்கும் 51 பேருக்கும் ஓட்டுநர் ஒருவரே. 1946இல் 2,300 கோடியைத் தாண்டிய அமெரிக்கப் பொதுப் போக்குவரத்துப் பயணங்கள் 1960க்குள் 940 கோடி அளவுக்குச் சரிந்தன. ஆனால் சரிவு பகலிலும் ஞாயிற்றுக்கிழமையிலும்தான் அதிகம். அலுவலக நேர நெரிசல் அந்த அளவுக்குக் குறையவில்லை. அந்த நெரிசலுக்கென்று வாங்கிய பெரிய வண்டி நின்றுகொண்டிருக்கும்போது பகலுக்கென்று தனியாகச் சிறு வண்டி எதற்கு? இந்தத் திருப்பத்துக்கு ஒற்றை ஆண்டு குறிப்பது தவறு. ஊருக்கு ஊர் அது வேறுபடுகிறது. ஃபோர்டு தன் பேருந்துத் தொழிலை 1950இல் மார்மன்-ஹெரிங்டனிடம் விட்டது, ட்வின் கோச் 1953இல் பேருந்துப் பிரிவை ஃப்ளெக்சிபிளுக்கு விற்றது, ஒயிட்டும் பிரில்லும் அதை ஒட்டி விலகின. இந்த விலகல்களில் ஜெனரல் மோட்டார்ஸின் சந்தை வலிமைக்குப் பங்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. 1956இல் அரசு அதன் மேல் பேருந்துச் சந்தை குறித்துத் தனி வழக்கே போட்டது. ஆனால் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் வேறு திசையில் விரல் நீட்டுகிறது. நகராட்சியே நடத்திய அந்தச் சிறு டிராம் அமைப்பில் பிர்னிகள் 1951 வரை ஓடின. அமெரிக்க நகரமொன்றில் அன்றாடச் சேவையில் கடைசியாக இருந்த பிர்னிகள் அவை. விற்க முதலாளி இல்லாத, வாங்க நேஷனல் சிட்டி லைன்ஸ் வராத ஊரிலும் அந்தக் கணக்கு தீர்ந்துபோன காலம், ஃபோர்டு கைவிட்ட ஆண்டுக்கு ஓர் ஆண்டு பின்னால்தான் வருகிறது.