தோட்டா உறையும் குதிரை லாயமும்: ஒரு பித்தளைக் கதை

மேனாம்பேட்டில் எங்கள் தெருமுனையில் ஒரு சின்ன லேத் பட்டறை இருக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டை கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிறார்கள். பித்தளை புஷ் கடையும் நாளில் வாசலெல்லாம் தங்கத்தூள் மாதிரி சீவல் கிடக்கும். அங்கே நின்று வேடிக்கை பார்ப்பது எனக்கு ஒரு பழக்கம்.

போன மாதம் ஒரு வீடியோ பார்த்தேன். அமெரிக்கர் ஒருவர் தன் கார் ஷெட்டில் உட்கார்ந்து, சுட்டு முடித்த ரைபிள் தோட்டாக்களின் காலி உறைகளை ஒவ்வொன்றாகக் குட்டி லேத்தில் மாட்டி வாயைச் சீவுகிறார். வெர்னியரில் அளக்கிறார், மறுபடி சீவுகிறார். பட்டறை டர்னரிடம் அதைக் காட்டினேன். "எதுக்கு சார் வெட்டுறாங்க? வெடிச்சா தேயத்தானே செய்யும், வளருமா?" என்றார்.

வளரும். அதுதான் விஷயம்.

தோட்டா வெடிக்கும்போது உள்ளே வளிமண்டலத்தைப் போல மூவாயிரம் மடங்குக்கும் மேல் அழுத்தம் உண்டாகிறது. பித்தளை உறை உப்பி துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்பக்கம் கசியாமல் அடைக்கிறது. அழுத்தம் குறைந்ததும் கொஞ்சம் சுருங்கி வெளியே வருகிறது. பித்தளைக்கு இந்த வேலை கிடைத்ததே அந்த ஸ்பிரிங் குணத்தால்தான். ஆனால் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. மறுபடி நிரப்ப வேண்டுமென்றால் டையில் வைத்து நெருக்க வேண்டும். நெருக்கிய உலோகம் எங்கே போகும்? கழுத்துப் பக்கம்தான். உறை நீள்கிறது.

இந்தியாவில் எல்லோருக்கும் தெரிந்த .303 தோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உறை 2.222 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் 2.212-க்குச் சீவுவார்கள். வித்தியாசம் கால் மில்லிமீட்டர். அதை விட்டுவிட்டால் உறையின் வாய் அறையின் முனையில் இடித்து, குண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். குண்டு நகரத் தாமதமானால் அழுத்தம் எகிறும். சீவுகிறவன் கணக்குப் பார்ப்பது தன் கண்ணுக்காகவும் விரலுக்காகவும்தான்.

இதைப் படித்துக்கொண்டே போனபோது, இதே பித்தளை நம்ம ஊர் மழையிடம் தோற்ற கதை கிடைத்தது.

முதலில் பின்னணி. 1857 ஜனவரியில் கல்கத்தா பக்கத்து டம்டம்மில் கிளம்பிய கொழுப்புத் தோட்டா வதந்தி எல்லோருக்கும் தெரியும். அந்த என்ஃபீல்டு தோட்டாவின் உறை வெறும் காகிதம். பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும், சிக்கலே அங்கேதான். 1866-ல் ஸ்னைடர் துப்பாக்கியோடு பாக்ஸர் தோட்டா வந்தது. மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்த உறை. 1871-ல் வந்த மார்ட்டினி ஹென்றிக்கும் இதே சுருள் உறைதான். சூடும் மணலும் சேர்ந்தால் கிழிந்து அறைக்குள் சிக்கிக்கொள்ளும் என்று 1880-களில் சூடான் போரில் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். அதன் பிறகே ஒரே துண்டாக இழுத்த பித்தளை உறை நிலைபெற்றது. 1880-களின் கடைசியில் வந்த .303 அந்த வகை.

இழுப்பது என்றால், எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளையில் ஒரு வட்டத் தகடு. அதைக் கிண்ணமாக அழுத்தி, டையில் பல தடவை இழுத்து நீட்டுவார்கள். டம்ளர் செய்கிற அதே வேலை. கடைசியில் வாயை நெருக்கிக் கழுத்தாக்குவார்கள். ஒவ்வொரு இழுப்பிலும் பித்தளை கடினமாகும், உள்ளுக்குள் ஒரு விசை தங்கிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெர்னியரும் காட்டாது.

இந்தியாவில் மழைக்காலம் வந்தால் படை நடமாட்டம் குறையும். தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் பல உறைகள் விரிசல் விட்டிருந்தன, முக்கியமா குண்டை இறுக்கிய கழுத்துப் பக்கம். யாரும் சுடவில்லை, தட்டவில்லை, தானாகவே பிளந்திருந்தன. இதற்கு 'சீசன் கிராக்கிங்' என்றே பேராகிவிட்டது.

காரணம் தெளிவானது 1921-ல். குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியாதான் குற்றவாளி. ஆனால் தனியாக அல்ல. அம்மோனியா, ஈரம், உறைக்குள் தங்கிய விசை, மூன்றும் சேர வேண்டும். அம்மோனியா செம்பை நுண்ணியதாக அரித்து வழி திறக்கும். உள்ளே இருக்கும் விசை அந்த வழியாகவே கிழித்துக்கொண்டு போகும். குதிரையை விரட்ட முடியாது, மழையை நிறுத்த முடியாது. விசையை எடுக்கலாம். உறையை ஏறக்குறைய 250 முதல் 300 டிகிரி வரை பதமாகச் சுட்டால் விசை தளர்கிறது, கடினம் போவதில்லை. அதிகம் சுட்டால் அடிப்பாகம் இளகி, வெடிக்கும்போது தாங்காது. கழுத்தை மட்டும் தனியாக இன்னும் கொஞ்சம் சுடுவார்கள். ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் தெரியும் நீலம் படிந்த நிறமாற்றம் அந்தச் சூட்டின் தடம்தான்.

இங்கே யாராவது "நாமும் வீட்டில் செய்து பார்க்கலாமே" என்று கேட்கலாம். கூடாது. 1878-ம் வருட ஆயுதச் சட்டத்திலிருந்தே இங்கே கதை வேறு. ராணுவம் பயன்படுத்தும் அளவுத் தோட்டாவைப் பொதுமக்களுக்குத் தர ஆங்கிலேயர் பயந்தார்கள். 1900-களில் .450 அளவுத் தோட்டாவுக்கு இந்தியாவில் தடை வந்தது. கலகக்காரர்கள் கையில் இருந்த பழைய மார்ட்டினிகளுக்கு அது தீனியாகிவிடும் என்ற கவலைதான். இங்கிலாந்துக் கம்பெனிகள் .470, .465 என்று புது அளவுகளை உண்டாக்கியது இதனால்தான். இஷாப்பூர் ஆலையின் .315 வேட்டைத் துப்பாக்கிக்கும் .303 போகாத, ஆஸ்திரியாவிலிருந்து வந்த 50 மில்லிமீட்டர் உறை. இப்போது இருக்கும் 1959-ம் வருடச் சட்டத்திலும் தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும். அமெரிக்காவில் பொழுதுபோக்கு, இங்கே வழக்கு.

இதையெல்லாம் டர்னரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "இழுத்த பித்தளைய சுடாம விட்டா என்னைக்காவது கிழியும் சார். எங்க பாட்டி மாட்டுக்கொட்டாயில மாட்டி வெச்ச செம்பு அப்படித்தான் வாய் பிளந்துச்சு. திருஷ்டின்னு சொன்னாங்க" என்றார்.

திருஷ்டி இல்லை, அம்மோனியா. ராணுவத்துக்கு விடை கிடைக்கப் பல வருடம் ஆன அதே கோளாறு, அவர் பாட்டி வீட்டுச் செம்பிலும் இருந்திருக்கிறது. கால் மில்லிமீட்டர் நீண்டால் அளந்து சீவிவிடலாம். உள்ளே தங்கிய விசையை எந்த அளவுகோலும் காட்டாது. உங்கள் வீட்டிலும் மாட்டுக்கொட்டாய்ப் பக்கமோ கழிவறைப் பக்கமோ பித்தளைச் சாமான் இருந்தால், ஒரு தடவை கழுத்தைத் திருப்பிப் பாருங்கள்.