38 கிலோ பெட்டியிலிருந்து மணிக்கட்டு வரை

போன செமஸ்டரில் எனக்கொரு பிறசென்ரேசன் இருந்தது. கதிரையால எழும்பி முன்னுக்குப் போய் நிற்கிறதுக்குள்ளேயே, நண்பனிட்ட இரவல் வாங்கிக் கட்டியிருந்த ஸ்மார்ட் மணிக்கூடு கையில் அதிர்ந்தது. எனக்கு அழுத்தம் கூடிட்டுதாம், ஆறுதலா மூச்சு விடட்டாம். பக்கத்தில இருந்தவை எட்டிப் பார்த்துச் சிரிச்சினம். நான் பயந்து போய் நிற்கிறன் எண்டு எனக்குத் தெரியும்தானே. அதை இந்த மணிக்கூடு வேற ஆருக்கெல்லாம் சொல்லும் எண்டதுதான் அண்டைக்கு மண்டைக்குள்ள ஓடின கேள்வி. அந்தக் கேள்வியோட தேடப் போனால் கதை நான் நினைச்சதை விட நல்லாப் பழசு.

இத்தாலியின் தூரின் நகரத்தில் அஞ்சலோ மோசோ என்று ஒரு உடலியல் பேராசிரியர் இருந்தார். தச்சுத் தொழிலாளி ஒருவரின் மகன். களைப்பை அளக்க அவர் செய்த கருவியின் பெயர் ஏர்கோகிராஃப். கையை அசையாமல் கட்டிவிட்டு, ஒரு விரலால் மட்டும் பாரத்தை இழுத்து இழுத்து விட வேண்டும். ஒவ்வொரு இழுப்பும் சுழலுகிற உருளையில் கோடாக விழும். விரல் களைக்கக் களைக்கக் கோடு குட்டையாகும். மோசோ இதைத் தன்னோடு வேலை செய்த மஜோரா என்பவரிடம், வாய்மொழிச் சோதினை எடுக்க முன்னமும் எடுத்து முடிந்த பிறகும் சோதித்துப் பார்த்தார். மணிக்கணக்காகக் கதிரையில் இருந்து கேள்வி கேட்ட மனிதரின் விரல், பிறகு முந்தின அளவுக்குப் பாரம் தூக்கவில்லை. மூளை வேலையும் தசையைக் களைக்க வைக்கும் என்று மோசோ முடிவெடுத்தார். (சோதினையில் களைக்கிறது நாங்கள் மட்டும்தான் எண்டு இவ்வளவு நாளும் நினைச்சிருந்தன்.) 1891இல் வந்த ‘லா ஃபத்தீக்கா’, அதாவது ‘களைப்பு’ என்ற புத்தகத்தில், சிசிலியின் கந்தகச் சுரங்கங்களில் சுமை தூக்கிய சிறுவர்களைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். அளக்கிறவர் ஆரின்ட பக்கம் நிற்கிறார் எண்ட கேள்வி அங்கேயே தொடங்கிவிட்டது.

அமெரிக்காவில் அதே காலத்தில் அளவு வேறு பக்கம் போனது. ஃபிரெட்ரிக் டெய்லரின் ஆட்கள் ஸ்டொப்வொச்சைப் பிடித்துக்கொண்டு தொழிலாளிக்குப் பின்னால் நின்றார்கள். 1911 ஓகஸ்ட்டில் மசாசூசெட்ஸ் மாநிலத்து வோட்டர்டவுன் ஆயுதத் தொழிற்சாலையில் வார்ப்பு வேலைக்காரர்கள் ஸ்டொப்வொச் வேண்டாம் என்று வேலையை விட்டு வெளியே வந்தார்கள். சில வருசத்தில் அமெரிக்கக் காங்கிரஸ், இராணுவத் தொழிற்சாலைகளில் அந்த முறைக்குக் காசு செலவழிக்கக் கூடாது என்று தடையே போட்டது.

ஃபிராங்க், லிலியன் கில்பிரெத் தம்பதி இதை இன்னொரு விதமாகச் செய்தார்கள். தொழிலாளியின் விரலில் சின்ன மின்குமிழைக் கட்டி, கமெராவைத் திறந்து வைத்துப் படம் பிடித்தார்கள். கை போன பாதை வெளிச்சக் கோடாக விழும். குமிழை விட்டு விட்டு எரியச் செய்தால் வேகமும் தெரியும். வேலை செய்கிற உடம்பிலேயே மாட்டிய கருவி என்று பார்த்தால், இண்டைய மணிக்கூட்டுக்கு இதுதான் பூட்டி எண்டு சொல்லலாம். 1916இல் அவர்கள் களைப்பைப் பற்றிப் புத்தகமும் எழுதினார்கள். இருக்கிறதுக்கு நல்ல கதிரை, இடையில் ஓய்வு எல்லாம் கேட்டார்கள். அதே நேரம் அவர்களைக் கூலிக்கு அமர்த்தியது முதலாளிமார்தான்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த ஆள் நோர்மன் ஹோல்ற்றர். அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்தில் ஹெலீனா என்ற சின்ன ஊர்க்காரர். அந்த நாளில் இதயத்தின் மின் அசைவைப் பதிய வேண்டுமென்றால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அசையாமல் படுக்க வேண்டும். மனிசர் வாழுறது படுத்துக்கொண்டா? நடந்து, ஓடி, வேலை செய்கிற நேரத்தில் இதயம் என்ன செய்கிறது என்று ஹோல்ற்றர் கேட்டார். 1940களின் கடைசியில் அவர் செய்த வானொலிக் கருவி ஏறக்குறைய 38 கிலோ. அதை முதுகில் கட்டிக்கொண்டு அவரே நிலைச் சைக்கிள் ஓடுகிற படம் இருக்கிறது. ஒரு அரிசி மூட்டையைச் சுமந்துகொண்டு சைக்கிள் மிதிக்கிற மாதிரி. ட்ரான்சிஸ்ரர் வந்த பிறகு கருவி சுருங்கியது. 1961இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் அவரின் கட்டுரை வந்தது. இண்டைக்கும் ஒரு நாள் முழுக்க உடம்பில் மாட்டி அனுப்புகிற அந்த இதயப் பதிவுக் கருவிக்கு அவர் பெயர்தான்.

அதுக்குப் பிறகு ஆய்வாளர்கள் ஆஸ்பத்திரிக்கு வெளியே போனார்கள். 1969இல் லண்டன் வாகன நெரிசலில் கார் ஓடுகிறவர்களின் இதயத்தைப் பதிந்த ஆய்வொன்று வெளிவந்தது. 2005இல் ஜெனிஃபர் ஹீலி, ரோசலின்ட் பிக்கார்ட் இருவரும் பொஸ்ரன் தெருக்களில் 24 கார்ப் பயணங்களைப் பதிந்து வெளியிட்டார்கள். இதயத்துடிப்பு, தோலில் வியர்வையால் மாறுகிற மின்கடத்தல், மூச்சு, தசை. ஓய்வா, நெடுஞ்சாலையா, நகர நெரிசலா என்று அந்தத் தரவை வைத்தே 97 வீதத்துக்கு மேல் சரியாகப் பிரிக்க முடிந்தது.

ஆனால் அதில் ஒண்டைக் கவனியுங்கோ. ஓட்டுநர் எந்தத் தெருவில் நிற்கிறார் என்று ஆய்வாளருக்கு முதலே தெரியும். என் மணிக்கூட்டுக்கு அது தெரியாது. மேலதிகாரி ஏசினாலும் துடிப்புக் கூடும், மூன்றாம் மாடிக்குப் படியேறினாலும் கூடும், விருப்பமான ஆள் மெசேஜ் போட்டாலும் கூடும். காரணத்தைக் கருவி அளக்கிறதில்லை.

காரணத்தைத் தேடிய வேலையும் நடந்தது. எம்.ஐ.ரி.யின் அலெக்ஸ் பென்ற்லண்ட் குழு கழுத்தில் தொங்குகிற உணரி அட்டையைச் செய்தது. ஆர் ஆரோட எவ்வளவு நேரம் கதைக்கினம், என்ன தொனியில் கதைக்கினம் எண்டு அது பதியும். என்ன சொல்லினம் எண்டதைப் பதியாது. ஒரு அமெரிக்க வங்கியின் அழைப்பு நிலையத்தில் இதை மாட்டிப் பார்த்தார்கள். முடிவு சிரிப்பாக இருக்கும்: எல்லோரையும் தனித்தனி நேரத்தில் கோப்பி குடிக்க விடாமல், ஒரு குழுவை ஒன்றாக விடுங்கள். பின்தங்கியிருந்த குழுக்களில் ஒரு அழைப்பை முடிக்கிற நேரம் 20 வீதத்துக்கு மேல் குறைந்தது என்று பென்ற்லண்ட் 2012இல் எழுதினார். எங்கட அம்மாக்கள் ரீக்குப் போற நேரத்தில் சேர்ந்து கதைக்கிறதை ‘வெட்டிக்கதை’ எண்டு ஏசின மேற்பார்வையாளர்மாருக்கு இதை வாசிக்கக் குடுக்கோணும். எண்டாலும் அதிலும் முன்னுக்கு வந்த எண் அழைப்பு நேரம்தான், அழைப்பெடுத்தவரின் நித்திரை இல்லை.

2018இல் மேற்கு வேர்ஜினியா மாநில ஆசிரியர்களுக்கு இது நேரடியாக வந்தது. மாநிலத்தின் காப்புறுதி நிறுவனம் ‘கோ365’ என்ற சுகாதாரத் திட்டத்தைக் கொண்டுவந்தது. செயலியில் சேர்ந்து நடை, உடற்பயிற்சி எல்லாம் காட்டிப் புள்ளி சேர்க்க வேண்டும். இல்லையென்றால் மாதம் 25 டொலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். அந்த ஆசிரியர்களின் சம்பளம் நாட்டிலேயே மிகக் குறைந்தவற்றில் ஒன்று. அவர்களின் பெரிய அழுத்தமே சம்பளமும் காப்புறுதிச் செலவும்தான். அந்த அழுத்தத்தைக் குறைக்கக் கையில் பட்டி கட்டச் சொன்னது எனக்கு இப்பவும் விளங்கேல்ல. எதிர்ப்பு வந்ததும் அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டார்கள். ஆனால் கோபம் அதோடு நிற்கவில்லை. பெப்ரவரி 22 தொடக்கம் 55 மாவட்டங்களிலும் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தன. ஒன்பது பள்ளி நாளுக்குப் பிறகு 5 வீதச் சம்பள உயர்வோடு திரும்பிப் போனார்கள்.

நான் மணிக்கூட்டைத் திருப்பிக் குடுத்திட்டன். அண்டைக்கு நான் நடுங்கின பத்து நிமிசமும் சிவப்புக் கோடாக அவன்ர ஃபோனுக்குள்ள இப்பவும் கிடக்கு. போன கிழமை கன்ரீனில வைச்சு எல்லாருக்கும் காட்டினவன்.