இருவருக்கு ஒரு மட்டை: செங்கல் உடைக்கும் விளையாட்டின் கதை

2006 ஓகஸ்ட்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபோது எனக்குப் பதினான்கு வயது. மாலையானால் ஊரடங்கு. நீர்வேலியில் வாழைத்தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைப்பவர்களும் நேரத்தோடு வீடு திரும்பிவிடுவார்கள். பக்கத்துக் காணியில் பெரியம்மா வீடு. அங்கே ஒரு பழைய கணினி இருந்தது. மின்சாரம் இருக்கிற நேரத்தில் நானும் பெரியம்மாவின் மகனும் அதில் ஒரேயொரு விளையாட்டைத்தான் விளையாடுவோம். கீழே ஒரு மட்டை, மேலே செங்கல் வரிசைகள், நடுவில் ஒரு பந்து.

அது ஒருவர் விளையாடுவதற்கானது. நாங்களோ இரண்டு பேர். ஆகவே இடது அம்புக்குறிப் பொத்தான் எனக்கு, வலது அண்ணாவுக்கு என்று பிரித்துக்கொண்டோம்.

பின்னாளில் இந்த விளையாட்டின் வரலாற்றைப் படித்தபோது, 'இரண்டாவது ஆளை என்ன செய்வது' என்ற கேள்வி அதன் பிறப்பிலிருந்தே இருப்பது தெரிந்தது.

இரண்டாவது ஆளுக்குப் பதில் சுவர்

1972 இல் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் 'பொங்' என்ற விளையாட்டை வெளியிட்டது. திரையின் இரு பக்கமும் இரண்டு மட்டைகள்; விளையாட இருவர் வேண்டும். எதிராளியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு செங்கல் சுவரை வைத்தால் தனியாளும் விளையாடலாம் என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் 1976 இல் வந்த 'பிரேக்அவுட்'. எட்டு வரிசைகளில் 112 செங்கற்கள். கீழிருந்து மேலாக மஞ்சளுக்கு 1, பச்சைக்கு 3, செம்மஞ்சளுக்கு 5, சிவப்புக்கு 7 புள்ளிகள். ஆனால் திரை கறுப்பு வெள்ளைதான். அதன்மேல் ஒட்டிய நிறத்தாள் கீற்றுகளே நிறம் காட்டின.

இருவர் விளையாடும் வசதி அதிலும் இருந்தது. ஆனால் ஒருவரின் பந்து தவறியபிறகே மற்றவருக்கு முறை வரும். எதிராளி, வரிசையில் காத்து நிற்பவராகிவிட்டார்.

இருவர் செய்த வேலை

இதன் வடிவமைப்பை அட்டாரி தன் இளம் ஊழியர் ஸ்டீவ் ஜொப்ஸிடம் கொடுத்தது. அவர் நண்பர் ஸ்டீவ் வொஸ்னியாக்கை அழைத்தார். நான்கு நாட்கள் இரவு பகலாக வேலை. சிப்களை எவ்வளவு குறைக்கிறார்களோ அவ்வளவுக்கு மேலதிகப் பணம் என்பது பேச்சு. தன் கைக்கு 350 டொலர் மட்டுமே வந்ததாகவும், ஆயிரக்கணக்கான டொலர் மேலதிகக் கொடுப்பனவு பற்றி ஜொப்ஸ் சொல்லவேயில்லை என்றும் வொஸ்னியாக் பின்னர் கூறினார். ஜொப்ஸ் இதை மறுத்தார். அந்த வடிவமைப்பை அட்டாரியால் அப்படியே உற்பத்தி செய்யவும் முடியவில்லை.

ஆனாலும் வொஸ்னியாக் இந்த விளையாட்டை விடவில்லை. 1977 இல் வெளிவந்த அப்பிள் II கணினிக்கு நிறமும் ஒலியும் திருகு மட்டையும் வைத்ததற்கு, பேசிக் மொழியில் பிரேக்அவுட்டை எழுதிக் காட்டும் ஆசையும் ஒரு காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

திரும்பி வந்த எதிராளி

1980 இல் அட்டாரியின் 'வோர்லோர்ட்ஸ்' எதிராளியைத் திரும்பக் கொண்டுவந்தது. திரையின் நான்கு மூலைகளிலும் நான்கு கோட்டைகள். தன் சுவரைக் காத்துக்கொண்டே மற்றவர் சுவரை உடைக்க வேண்டும். 1986 இல் ஜப்பானின் டைட்டோ வெளியிட்ட 'ஆர்கனொயிட்', உடைந்த கல்லிலிருந்து விழும் வில்லைகளைச் சேர்த்தது. மட்டையை நீளமாக்குவது ஒரு வில்லை, சுடும் சக்தி தருவது இன்னொன்று.

2015 இல் டீப்மைண்ட் ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிரேக்அவுட்டைத் தானாகப் பழகிய செயற்கை நுண்ணறிவு, சுவரின் ஓரத்தில் ஒரு துளை போட்டுப் பந்தைப் பின்பக்கம் அனுப்பக் கற்றுக்கொண்டிருந்தது. எங்களுக்கும் அந்த வழி தெரியும். ஆனால் ஓரத்துக்குப் போக ஒருவர் பொத்தானை அழுத்தும்போது மற்றவர் கையை எடுக்க வேண்டும். அதில்தான் சண்டை வரும்.

2008 இல் அண்ணா கப்பலில் திருகோணமலை போய், கொழும்பு வழியாகக் கனடா போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு இரண்டு பொத்தான்களும் என் கையில். புள்ளிகள் கூடின. பந்து விழுந்தால், "நீதானடா விட்டனி" என்று ஏசத்தான் ஆளில்லை.

இன்று எதிரெதிரே இருவர் இணையம் வழியாக விளையாடும் வகைகளும் உண்டு. உங்கள் வீட்டில் ஒரு கணினியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தால், ஆளுக்கொரு பொத்தானைக் கொடுத்துப் பாருங்கள்.