மோனோ என்றால் மட்டமா? ஒரு சொல்லின் இரண்டு கதைகள்



பழைய பாட்டு ஒன்றைப் போட்டால், "இது மோனோங்க, அதான் சத்தம் இப்படி இருக்குது" என்று யாராவது சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 'மோனோ' என்றால் பழசு, மட்டம் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் அந்தச் சொல்லுக்கு இரண்டு தனித்தனிப் பொருள்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காததால், காப்பாற்ற வேண்டிய சிலவற்றைக் குப்பையில் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

சொல் வந்த வழி

கிரேக்க மொழியில் 'மோனோஸ்' என்றால் ஒற்றை. 'ஃபோனே' என்றால் குரல் அல்லது ஒலி. இரண்டும் சேர்ந்து பிறந்ததுதான் மோனோஃபோனி. இசை அறிஞர்கள் இதை ஒரே ஒரு மெட்டு மட்டும் ஓடுகிற இசைக்குச் சொல்வார்கள். நூறு பேர் சேர்ந்து பாடினாலும், எல்லோரும் ஒரே மெட்டைப் பாடினால் அது ஒற்றை வரி இசைதான். ஆண்கள் கீழ் ஸ்தாயியிலும் பெண்கள் மேல் ஸ்தாயியிலும் அதே மெட்டைப் பாடினாலும் அப்படித்தான். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று மெட்டுகள் பின்னிக்கொண்டு போனால் அது பாலிஃபோனி.

ஒலிப்பதிவுக்காரர்களின் 'மோனோ' வேறு. ஒலி ஒரே தடத்தில் பதிவாகி, ஒரே தடமாக வெளிவருவது மோனோ. இடம், வலம் என்று இரண்டு தடமாக வந்தால் ஸ்டீரியோ. பெரிய வாத்தியக் குழுவை ஒரே மைக் வைத்துப் பதிந்தால் பதிவு மோனோ. ஆனால் இசையில் பல வரிகள் இருக்கலாம். தனி நாகசுரத்தை இரண்டு மைக் வைத்துப் பதிந்தால் பதிவு ஸ்டீரியோ. இசை ஒற்றை வரி. முதலாவது இசையின் இயல்பு, இரண்டாவது கருவியின் ஏற்பாடு.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கைப்பேசி வாங்கியவர்களுக்கு மூன்றாவதாக ஓர் உதாரணமும் நினைவிருக்கும். முதலில் வந்த 'மோனோபோனிக்' ரிங்டோன் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை மட்டும் ஒலித்தது. பிறகு 'பாலிபோனிக்' வந்ததும் பழைய போன் மதிப்பிழந்தது. மோனோ என்றால் மட்டம் என்ற எண்ணத்துக்கு அந்த விளம்பரங்களும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நம் இசை தேர்ந்துகொண்ட வழி

நம் மரபிசை பெரும்பாலும் ஒற்றை வரி இசை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பாருங்கள். குழல் செல்லும் வழியில் யாழ் செல்கிறது, யாழின் வழியில் தண்ணுமை செல்கிறது. இன்றைய கச்சேரியில் பாடகரைப் பின்தொடரும் வயலினும் அதே முறையில்தான் போகிறது. ஒரே மெட்டை ஒவ்வொருவரும் சிறிது வேறுபடுத்தி இழைப்பார்கள். தனியாக இன்னொரு மெட்டு கட்டமாட்டார்கள். பண்டைத் தமிழிசையில் ஏழு சுரங்களில் முதலாவதன் பெயரே 'குரல்' என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

மேற்கத்திய இசை பல சுரங்களை அடுக்கி வளர்ந்தது. நம் இசை ஒரே வரியின் உள்ளே கமகத்தாலும் ராகத்தாலும் தாளக் கணக்காலும் வளர்ந்தது. அந்த வரி நிற்பதற்கு அடியில் ஒரு சுருதி மட்டும் வேண்டும். நாகசுரத்தில் அந்த வேலையைச் செய்தது ஒத்து. பார்வைக்கு நாகசுரம் போலவே இருக்கும். ஆனால் விரல் வைத்து வாசிக்கத் துளைகள் கிடையாது. அடிப்பக்கம் உள்ள சில துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதி சேர்ப்பார்கள். ஒத்துக்காரர் மூச்சு அறுபடாமல் ஒரே சுரத்தை ஊதிக்கொண்டே இருப்பார். "அவனுக்கு இவன் ஒத்து ஊதுகிறான்" என்று கேலியாகச் சொல்கிறோமே, அது இங்கிருந்து வந்தது. அந்த மனிதர் நின்றால் நாகசுரமே தள்ளாடும் என்பது கேலியில் மறைந்துபோனது. இப்போது பெரும்பாலும் மின்னணுச் சுருதிப்பெட்டி அவர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

கொங்கு நாட்டுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் வள்ளி கும்மி. ஆசிரியர் ஓர் அடி பாட, கூட்டம் அதையே வாங்கிப் பாடி அடவு வைக்கிறது. வட்டத்தில் எத்தனை பேர் இருந்தாலும் மெட்டு ஒன்று, காலடி ஒன்று. முன்பு ஆண்கள் மட்டுமே ஆடிய இக்கலையைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்த கோவை மாவட்டக் கலைஞர் பத்திரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. முன்பின் பழக்கமில்லாதவர்களும் ஒன்றாகச் சேர்ந்து பாட முடிவதற்கு அந்த ஒற்றை மெட்டுதான் காரணம்.

தனிக்குரலின் வலிமைக்கு 1908-ல் கொடுமுடியில் பிறந்த கே.பி.சுந்தராம்பாளைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. ஒலிபெருக்கி பரவாத நாடக மேடைக் காலத்தில் கடைசி வரிசை வரைக்கும் கேட்கப் பாடிப் பழகிய குரல் அது. 1935-ல் 'பக்த நந்தனார்', 1953-ல் 'ஔவையார்' என்று திரைக்கும் வந்தது.

கோவையின் மோனோ காலம்

இனி ஒலிப்பதிவின் கதை. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-ல் நம் ஊரில் வெரைட்டி ஹாலைக் கட்டியபோது படங்கள் பேசவில்லை. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931-ல் வந்தது. அதே 1931-ல்தான் இங்கிலாந்தில் ஆலன் ப்ளூம்லின் என்ற பொறியாளர் ஸ்டீரியோ முறைக்குக் காப்புரிமை கோரினார். ஆனாலும் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் பரவலாக விற்பனைக்கு வர 1950-களின் கடைசி ஆகிவிட்டது. தமிழ்த் திரைப்பாடல்களுக்கு அது வந்தது 1978-ல், 'ப்ரியா' படத்தோடு என்று சொல்வார்கள்.

இடைப்பட்ட காலம் முழுவதும் மோனோதான். அதில் பெரும்பங்கு கோவையுடையது. சென்ட்ரல் ஸ்டுடியோவில் 1943-ல் 'சிவகவி', 1947-ல் 'ராஜகுமாரி'. பட்சிராஜாவின் 'மலைக்கள்ளன்' 1954-ல். இவற்றில் கடைசி இரண்டுக்கும் இசை எஸ்.எம்.சுப்பையா நாயுடு. அவரிடம் உதவியாளராக இருந்தவர்தான் எம்.எஸ்.விஸ்வநாதன்.

அன்றைய பதிவில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில், ஒரே கூடத்தில் இருந்தாக வேண்டும். பிறகு தனியாகத் திருத்த வழியில்லை. யார் மைக்குக்குப் பக்கத்தில், யார் தள்ளி என்பதை வைத்தே சத்தத்தை அளந்தார்கள். மோனோவில் இடம் வலம் தெரியாது. ஆனால் அருகும் தூரமும் தெரியும். அடுத்த முறை அந்தப் பாடல்களைக் கேட்கும்போது இதைக் கவனியுங்கள். 1966-ல் தொடங்கிய கோவை வானொலி நிலையத்தின் மத்திய அலை ஒலிபரப்பும், திருவிழாக்களின் குழாய் ஸ்பீக்கரும் நமக்குத் தந்தது மோனோதான்.

இன்று நமக்கு என்ன பயன்?

முதலாவது, வீட்டு அலமாரியில் கிடக்கும் கேசட்டுகள். கல்யாண நாகசுரம், பாட்டியின் தாலாட்டு, ஊர்க் கும்மி என்று ஏதாவது இருந்தால் "மோனோதானே" என்று எறிந்துவிடாதீர்கள். காந்த நாடா ஆண்டுக்காண்டு கெடும். கணினிக்கு மாற்றும்போது இரண்டு தடத்தையும் உள்ளபடியே ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பிறகு இரண்டையும் ஒன்றாகக் கலந்து மோனோவாக்கினால் நாடாவின் இரைச்சல் சற்றுக் குறையும். போலி ஸ்டீரியோ, எதிரொலி எதையும் சேர்க்க வேண்டாம்.

இரண்டாவது, விழாக்களுக்கு மைக் செட் பிடிக்கும்போது மோனோவாக வைக்கச் சொல்லுங்கள். ஸ்டீரியோவில் ஓர் ஓரமாக உட்கார்ந்தவருக்கு ஒரு பக்க ஒலிதான் சரியாகக் கேட்கும்.

மூன்றாவது, ஒரு காது மட்டும் நன்றாகக் கேட்கும் பெரியவர்களுக்கு. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் அணுகல்தன்மை அமைப்புகளில் 'மோனோ ஆடியோ' என்ற வசதி உண்டு. அதை இயக்கினால் இரு தடமும் ஒரே காதில் சேர்ந்து கேட்கும்; பாட்டில் பாதி காணாமல் போகாது.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு கேசட் இருந்து, அதைப் போட்டுக் கேட்க டேப் ரெக்கார்டர் இல்லையென்றால், பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள். நம் குடியிருப்பில் யாரிடமாவது ஓடுகிற ஒன்று இருக்கும். அதுவும் கெடுவதற்குள் கேட்டுவிடுங்கள்.